பழைய யமஹா டிஇசட் ரேஸ் பைக்: ஸ்பேர் தேடுவதும் சரிசெய்வதும்

பழைய ஜப்பானிய ரேஸ் பைக் ஒன்றை வாங்கிச் சரிசெய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது டேங்க்கையும் ஃபேரிங்கையும்தான். அது தப்பான வரிசை. ஃபேரிங்கை இன்றைக்கும் யாராவது ஃபைபரில் போட்டுத் தருவார்கள், பெயிண்ட் எந்த ஊரிலும் அடிக்கலாம். ஆனால் கிராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), சிலிண்டர், கியர்பாக்ஸ் இந்த மூன்றும் சரியாக இல்லை என்றால் மீதி எல்லாம் இருந்தும் அது சுவரோரம் நிறுத்தி வைக்கிற பொருள்தான். அந்த மூன்றும் என்ன நிலையில் இருக்கின்றன, போனால் எங்கே கிடைக்கும், என்ன செலவாகும் என்று தெரிந்த பிறகுதான் பைக்குக்கே விலை பேச வேண்டும். அதாவது ஸ்பேர் தேடும் வேலை, பைக் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

யமஹாவின் டிஇசட் (TZ) 250, டிஇசட் 350 என்ற இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் ரேஸ் பைக்குகளை வைத்துத்தான் இங்கே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். காரணம் உண்டு. ஹோண்டா 1960களில் உலகப் பட்டங்கள் வாங்கிய தொழிற்சாலை பைக்குகளை யாருக்கும் விற்கவே இல்லை, அவற்றுக்கு ஸ்பேர் என்று ஒன்று சந்தைக்கு வந்ததே கிடையாது. சுசுகி ஆர்ஜி 500 அற்புதமான வண்டி, பாரி ஷீன் 1976லும் 1977லும் உலகப் பட்டம் வாங்கியது அதன் தொழிற்சாலை வடிவத்தில்தான், ஆனால் சதுரமாக அடுக்கிய நான்கு சிலிண்டர், நான்கு தனித்தனி கிராங்க், நான்கு டிஸ்க் வால்வு என்று எதைத் தொட்டாலும் நான்கால் பெருக்க வேண்டும். கவாசாகியின் எச்2ஆர், கேஆர் 750 எல்லாம் எண்ணிக்கையிலேயே குறைவு. யமஹாவோ பணம் கட்டிய எந்த ரேஸருக்கும் டீலர் வழியாக ரேஸ் பைக்கை வருடா வருடம் விற்றது. அதனால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று எல்லா இடத்திலும் கேரேஜ் அலமாரிகளில் இன்றைக்கும் டிஇசட் சாமான் கிடக்கிறது. முதல்முறை இறங்குகிறவருக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதற்காக இது சாதாரண வண்டி என்று எண்ண வேண்டாம். 1973ல் யார்னோ சாரினென் டேட்டோனா 200 ரேஸை ஜெயித்தது 350 சிசி யமஹாவில், எதிரே நின்றவை 750 சிசி வண்டிகள். 1980ல் யோன் எக்கரோல்ட் எந்தத் தொழிற்சாலையின் ஆதரவும் இல்லாமல், பிமோட்டா ஃப்ரேமில் டிஇசட் என்ஜினை வைத்து 350 சிசி உலகப் பட்டத்தையே வாங்கினார். அதே குடும்பத்து என்ஜின்தான் நீங்கள் பிரிக்கப் போவதும்.

வாங்கும் முன் என்ன இருக்கிறது என்று அறிவது

டிஇசட் வருவதற்கு முன் இருந்த டிடி, டிஆர் வரிசை காற்றில் குளிரும் என்ஜின்கள். 1973ல் வந்த டிஇசட் ஏ மாடலில்தான் தண்ணீர் வந்தது. ஏ, பி இரண்டிலும் பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர், முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். 1976ல் வந்த சி மாடலில் மோனோஷாக்கும் (பின்னால் ஒற்றை ஷாக்) டிஸ்க் பிரேக்கும் வந்துவிட்டன. அப்புறம் டி, இ, எஃப், ஜி என்று 1980களின் தொடக்கம் வரை வரிசை போகிறது. 350ல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 54 மி.மீ.; 250ல் நெடுநாள் இரண்டுமே 54.

என்ஜின் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 383 என்றால் டிஇசட் 350 குடும்பம், 430 என்றால் 250, 409 என்றால் நான்கு சிலிண்டர் 750. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என்ஜின் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. இன்றைக்கு அப்படி ஒரே எண்ணோடு ஒரு வண்டி கிடைத்தால் விலை ஏறும், அதனாலேயே எண்ணைத் தேய்த்து மறுபடி அடிக்கிற வேலையும் நடக்கிறது. எண் அடித்திருக்கிற இடத்தைச் சுற்றி வார்ப்பின் சொரசொரப்பு இயல்பாக இருக்கிறதா, அரம் போட்ட தடம் தெரிகிறதா, எழுத்துகளின் ஆழமும் வரிசையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். எண்ணே இல்லாத கிராங்க்கேஸைக் கண்டால் உடனே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். ரேஸில் கேஸ் உடைந்தால் புதுக் கேஸ் வாங்கிப் போட்டார்கள், ஸ்பேராக வந்தவை எண் அடிக்காமல் வந்தவை. ஆனால் எண் இல்லாததற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஃப்ரேம் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. அந்தக் காலத்தில் நிறையப் பேர் யமஹா ஃப்ரேமைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்பாண்டன், மாக்ஸ்டன், சீலி, ஹாரிஸ், நிக்கோ பாக்கர் ஃப்ரேம்களுக்கு மாறினார்கள். அப்படிப்பட்ட வண்டி கிடைத்தால் அதை ‘ஒரிஜினல்’ ஆக்குகிறேன் என்று யமஹா ஃப்ரேமைத் தேடிப் போகாதீர்கள். அந்த ஃப்ரேம்தான் அந்த வண்டியின் உண்மையான வரலாறு. பழைய ரேஸ் புகைப்படம், பரிசோதனை ஸ்டிக்கர், ரசீது, ஓட்டியவர் எழுதிய கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளைத்திருகு) குறிப்பு எதுவாக இருந்தாலும் விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, இவைதான் ஆவணம்.

பளபளவென்று முழுக்கச் சரிசெய்து விற்பனைக்கு வைத்திருக்கிற வண்டியைவிட, அழுக்காக, பாதி பிரித்து, பெட்டிகளில் கிடக்கிற வண்டியையே நான் எடுப்பேன். அதில் எல்லாவற்றையும் கையில் எடுத்து அளக்க முடியும். பெயிண்டுக்கு அடியில் என்ஜின் எப்படி இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும், பிரித்துப் பார்க்க எந்த விற்பவரும் விடமாட்டார்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே விற்ற ராஜ்தூத் 350, ஜப்பானிய ஆர்டி 350தான், அதன் போரும் ஸ்ட்ரோக்கும் அதே 64க்கு 54தான். அதனால் ‘ஆர்டி சாமானைப் போட்டு டிஇசட் ஆக்கிவிடலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. முடியாது. ஆர்டியில் கலவை உள்ளே வரும் வழியில் ரீட் வால்வு என்ற மெல்லிய தகடு, டிஇசட்டில் பிஸ்டனே வழியைத் திறந்து மூடும். சிலிண்டர் வேறு, கிராங்க் வேறு, கியர் விகிதம் வேறு, கிளட்ச் டிஇசட்டில் உலர் கிளட்ச். ஆனால் சோழவரத்தில் 1980களில் ஓடிய மாதிரியான ஒரு ஆர்டி ரேஸ் பைக்கைக் கட்ட வேண்டும் என்றால் அது வேறு வேலை, அருமையான வேலையும்கூட. கீழே சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

பார்ட் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஸ்பேர் தேடுவதில் பாதி வேலை இதுதான், இதைத் தெரிந்துகொண்டவர் செலவழிக்கிற பணத்துக்கும் தெரியாதவர் செலவழிக்கிற பணத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். முதலில் உங்கள் மாடலுக்கான பார்ட்ஸ் லிஸ்ட்டைத் தேடிப் பிடியுங்கள், ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

யமஹாவின் பார்ட் நம்பர் மூன்று துண்டு. முதல் மூன்று இலக்கம், அந்தச் சாமான் முதன்முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பது. நடுவில் ஐந்து இலக்கம், அது என்ன சாமான் என்பது. கடைசி இரண்டு, எத்தனையாவது திருத்தம் என்பது. நடு ஐந்து எல்லா யமஹாவுக்கும் பொது: 11311 என்றால் சிலிண்டர், 11631 என்றால் பிஸ்டன், 11651 கனெக்டிங் ராடு, 11681 கிராங்க் பின். இது பழகிவிட்டால், ஜப்பானிலோ ஜெர்மனியிலோ யாரோ ‘பழைய யமஹா பாகம்’ என்று மட்டும் எழுதி விற்கிற பெட்டியின் மேல் இருக்கிற லேபிளைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடலாம்.

இதைவிட முக்கியமானது முதல் மூன்று இலக்கம். டிஇசட் 350ன் பார்ட்ஸ் லிஸ்ட்டை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் எல்லாமே 383 என்று தொடங்காது என்பது தெரியும். இடையிடையே 278, 360 மாதிரி எண்கள் வரும். 278 என்பது 1970ல் வந்த ஆர்5 என்ற சாலை வண்டி, 360 என்பது அதன் பின் வந்த ஆர்டி சாலை வண்டிக் குடும்பம். அதாவது அந்தச் சாமானை ரேஸ் பைக்குக்கென்று யமஹா தனியாகச் செய்யவில்லை, சாலை வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது. ‘டிஇசட் பாகம்’ என்று எழுதி விற்கும்போது ஒரு விலை, அதே பொருள் ‘ஆர்டி பாகம்’ என்று இன்னொரு கடையில் அதில் ஒரு பங்கு விலை. லிஸ்ட்டை உட்கார்ந்து படித்து, சாலை வண்டிக் குறியீடு உள்ளவற்றை ஒரு நிறத்திலும் ரேஸ் குறியீடு உள்ளவற்றை இன்னொரு நிறத்திலும் குறித்து வையுங்கள். முதல் நிறம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இரண்டாவது நிறத்தில் இருப்பது எங்கே கண்ணில் பட்டாலும், இன்றைக்குத் தேவை இல்லை என்றாலும், விலை நியாயமாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 9ல் தொடங்குகிற எண்கள், இவை பேரிங், சீல், ஓ-ரிங், போல்ட் மாதிரி பொதுச் சாமான்கள். 93306 என்றால் பேரிங். அதற்கு அடுத்த மூன்று இலக்கமே பேரிங்கின் அளவைச் சொல்லிவிடும்: 93306-205 என்று தொடங்கினால் அது 6205, 93306-305 என்றால் 6305. 93102 என்றால் ஆயில் சீல், அதை அடுத்து வரும் இரண்டு இலக்கம் ஷாஃப்ட்டின் விட்டம். 25 என்றால் 25 மி.மீ. இந்த வகைச் சாமான்களை யமஹா பெட்டியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, நல்ல பேரிங் கடையில் என்எஸ்கே, என்டிஎன், கோயோ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. கியர்பாக்ஸ் பேரிங்குகளில் சில, வெளிவளையத்தில் பள்ளமோ பின் துளையோ உள்ளவை. கிராங்க் மெயின் பேரிங்குக்கும் அப்படித்தான், உள்ளே இருக்கும் இடைவெளி அளவும் முக்கியம். சி3, சி4 என்று பேரிங்கின் மேல் எழுதியிருப்பது அதுதான். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எங்கே தேடுவது

ஜப்பானில் யாஹூ ஏலம் இன்றைக்கும் பெரிய சுரங்கம். அங்கிருந்து நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் விற்பனையாளர் குறைவு, அதனால் உங்களுக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகு சேவைகள் வழியாகப் போக வேண்டும். ஆங்கிலத்தில் தேடினால் பாதிதான் வரும், யமஹா என்ற பெயரையும் சாமானின் பெயரையும் ஜப்பானிய எழுத்தில் ஒட்டித் தேடுங்கள், கூடவே பார்ட் நம்பரைக் கோடு போட்டும் கோடு இல்லாமலும் இரண்டு விதமாகத் தேடுங்கள். எடை, பெட்டி அளவு, இடைத்தரகுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஏலத்தொகை இரண்டு மடங்கு ஆவது சாதாரணம், அதைக் கணக்கில் வைத்துத்தான் ஏலம் கேட்க வேண்டும்.

நேரில் போக முடிந்தவர்களுக்குச் சந்தைகள்தான் சிறந்தவை. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் கண்காட்சி, இத்தாலியில் இமோலா பந்தயத்தடத்திலேயே நடக்கும் பழைய சாமான் சந்தை, அமெரிக்காவில் மிட்-ஓஹையோ தடத்தில் கோடையில் நடக்கும் விண்டேஜ் மோட்டார்சைக்கிள் விழா. இங்கே போகும்போது வெர்னியர் காலிப்பர், சின்ன மைக்ரோமீட்டர், டார்ச், உங்கள் பார்ட் நம்பர் பட்டியல் நான்கும் பையில் இருக்க வேண்டும். பேச்சுக் கொடுங்கள். மேசையில் வைத்திருப்பது ஒரு பங்கு என்றால் வீட்டில் இன்னும் பல பங்கு வைத்திருப்பார்கள், நீங்கள் உண்மையாகவே ஒரு வண்டியைக் கட்டுகிறீர்கள் என்று தெரிந்தால் வெளியே எடுப்பார்கள். பழைய ரேஸர்கள் தங்கள் சாமான் மறுபடி ஓடும் வண்டிக்குப் போவதைத்தான் விரும்புகிறார்கள்.

கிளாசிக் ரேஸ் கிளப்புகளை மறக்காதீர்கள். இங்கிலாந்தில் சிஆர்எம்சி, அமெரிக்காவில் ஏஎச்ஆர்எம்ஏ. நீங்கள் ரேஸ் ஓட்டாவிட்டாலும் உறுப்பினராகலாம், ஸ்பேர் கைமாறுவது அங்கேதான்.

புதிதாகச் செய்து தருகிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஹோக்லே டிஇசட் கிராங்க்குகளுக்குப் பேர்போன பட்டறை. பிஸ்டனுக்கு வைஸ்கோ. இக்னிஷனுக்கு ஜெர்மனியின் பிவிஎல், செக் நாட்டின் இக்னிடெக். மிகுனி கார்புரேட்டர்களுக்கு ஜெட், ஊசி, மிதவை எல்லாம் இன்றும் புதிதாகவே வருகின்றன.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள், பயன்படுத்திய சாமான்களை இறக்குமதி செய்வதில் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, பணம் கட்டும் முன்பே ஒரு சுங்க ஏஜெண்டிடம் பேசிவிடுங்கள். ரசீதில் சாமானின் பெயர், பார்ட் நம்பர், உண்மையான விலை தெளிவாக இருக்கட்டும். டேங்க்கோ கார்புரேட்டரோ வருகிறது என்றால் பெட்ரோல் வாடையே இல்லாமல் கழுவி உலர்த்தி அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விமான சரக்கில் திருப்பி விடுவார்கள்.

பிரிப்பதற்கு முன்

நல்ல ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். ஜப்பானிய வண்டியில் இருக்கும் நட்சத்திரத் தலைத் திருகு, பார்க்க சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் வெட்டு வேறு. பிலிப்ஸ் டிரைவரைப் போட்டு அழுத்தினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பல திருகுகளின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் ஜேஐஎஸ் என்பதற்கு அடையாளம். இறுகிப் போனவற்றுக்கு இம்பாக்ட் டிரைவர்.

போல்ட்டிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய வண்டியில் தண்டு 10 மி.மீ. உள்ள போல்ட்டின் மறை இடைவெளி 1.25 மி.மீ., ஆனால் ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், ஸ்பேனர் போட்டு வலித்தால் கேஸின் மறை போய்விடும். கையால் முழுக்க ஏறாத போல்ட்டை ஒருபோதும் ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் புகைப்படம், கழற்றிய பின் தனித்தனி கவர், கவரில் பெயரும் இடமும். ஷிம், வாஷர் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்தது என்பது முக்கியம். கழற்றிய எதையும் தூக்கிப் போட வேண்டாம், உடைந்ததைக்கூட. புதிதாக லேத்தில் செய்ய வேண்டி வந்தால் அதுதான் மாதிரி.

கிராங்க், சிலிண்டர்

என்ஜின் சீஸ் ஆகி (உள்ளே இறுகிச் சுற்றாமல்) நின்றிருந்தால் சுத்தியலால் தட்டி விடுவிக்கக் கூடாது. இந்த வண்டிகளில் விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ரேஸ் ஆயில்தான் நிறையப் பேர் ஊற்றினார்கள், காஸ்ட்ரால் ஆர் என்றால் அந்தக் காலத்து ரேஸ் தடத்தின் வாசனையே அதுதான். வருடக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் கோந்தாக இறுகி, ரிங்கைப் பள்ளத்தோடும் பேரிங்கைக் கூண்டோடும் ஒட்டிவிடும். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி நாள் கணக்கில் விட்டு, மெதுவாகச் சூடேற்றி, கையால் அசைத்துப் பாருங்கள். பல நேரம் வெறும் கோந்துதான், உலோகம் சேதமாகியிருக்காது.

கிராங்க்கேஸ் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். கிராங்க் என்பது அழுத்திப் பொருத்திய பல துண்டு, ஒரே இரும்பு இல்லை. அதைப் பிரித்துச் சேர்க்க ஹைட்ராலிக் பிரஸ், ஜிக், டயல் கேஜ், பொறுமை, அனுபவம் எல்லாம் வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் திரும்பி வந்ததும் நீங்களே வி-பிளாக்கில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், இரு முனையிலும் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள், முடிந்தால் 0.02க்குள் இருக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத கிராங்க்கை ‘கையில் சுற்றினால் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அப்படியே மாட்டக் கூடாது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றில் ராடு உடைந்தால் கிராங்க்கேஸே போய்விடும், கூடவே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறவரும் விழுவார். இந்த ஓரிடத்தில் பணம் மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

கிராங்க்கை கேஸில் உட்கார வைக்கும்போது மெயின் பேரிங்கின் வெளிவளையத்தில் உள்ள பின்கள் அதனதன் பள்ளத்தில் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மேலே ஏறி நின்றாலும் கேஸை இறுக்கும்போது பேரிங் நசுங்கும் அல்லது கேஸ் விரியும். இறுக்கிய பிறகு கிராங்க் விரலால் தள்ளினாலே சுற்ற வேண்டும்.

சிலிண்டரின் உட்புறம் இரும்பு லைனர் இல்லை, அலுமினியத்தின் மேல் கடினக் குரோம் பூச்சு. அதனால் ‘போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை, சாதாரண போரிங் மெஷினில் கொடுத்தால் சிலிண்டர் குப்பைக்குத்தான் போகும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், பூச்சு உரிவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மங்கலான வெள்ளையாக அலுமினியம் தெரிந்தால் மறுபடி பூச வேண்டும். இப்போது செய்வது நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு, நிகாசில் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் லாங்கோர்ட், அமெரிக்காவில் மில்லேனியம் டெக்னாலஜிஸ் மாதிரி இடங்களுக்கு அனுப்பலாம். அனுப்பும்போது பிஸ்டனையும் கூடவே அனுப்புங்கள், பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டு முடித்துத் தருவார்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பும் மழுக்கப்பட்டிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் ரிங் மாட்டி உடையும்.

ஹெட்டை மாட்டிய பின் ஈயக்கம்பி சோதனை. பிளக் துளை வழியாக மெல்லிய சால்டர் கம்பியை ஓரம் வரை விட்டு, என்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். அதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஓரத்தில் இருக்கிற இடைவெளி. இரண்டு சிலிண்டரிலும், பிஸ்டன் பின்னுக்கு நேராக இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்தது காற்றுக்கசிவு சோதனை, இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். கிராங்க்கின் நடுவில் இருக்கும் சீல் லேபிரிந்த் வகை, உரசாமல் மூடுவது, அதனால் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் கொஞ்சம் போகத்தான் செய்யும். எனவே இரண்டு சிலிண்டரையும் ஒன்றாக அடைத்துச் சோதியுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு சீல் லேசாகக் காற்று இழுத்தாலும் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும், ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டாலும் காரணம் பிடிபடாது.

கேஸைச் சுத்தம் செய்ய வேப்பர் பிளாஸ்டிங் (தண்ணீரோடு நுண்மணிகளை அடித்துச் சுத்தம் செய்வது) அழகாக இருக்கும். ஆனால் உள்ளே எண்ணெய் போகும் துளைகளில் கண்ணாடி மணிகள் தங்கிவிட்டால் புது பேரிங்கை ஒரே நாளில் தின்றுவிடும். எல்லாத் துளையையும் அடைத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் சுடுநீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, மறுபடியும் அதையே செய்யுங்கள். காஸ்டிக் சோடா பக்கமே போக வேண்டாம், அது அலுமினியத்தைக் கரைக்கும்.

கியர்பாக்ஸில் பார்க்க வேண்டியது, கியர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்களின் மூலைகள். உருண்டு போயிருந்தால் முழு வேகத்தில் கியர் கழன்று விழும். கூடவே செலக்டர் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இக்னிஷன், கார்புரேட்டர்

இந்த வண்டிகளில் வந்தது ஹிட்டாச்சி சிடிஐ என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன். ஸ்டேட்டர் சுருள்கள் சூட்டில் வயதாகி, குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஸ்பார்க் வந்து, சூடேறியதும் நின்றுவிடும். அதனால் குளிர்ந்த நிலையில் மட்டும் சோதித்துத் திருப்திப்படாதீர்கள், ஹீட்கன்னால் லேசாகச் சூடேற்றி மறுபடி அளந்து பாருங்கள். சுருளை மறுபடி சுற்றலாம், அல்லது மேலே சொன்ன புது யூனிட்டைப் போடலாம். ஓட்டுவதற்குப் புதியது, பழையதைத் துடைத்துப் பெட்டியில் பத்திரமாக வைப்பது என்பதுதான் என் வழி. டைமிங் வைப்பது டயல் கேஜை பிளக் துளையில் மாட்டி, பிஸ்டன் உச்சிக்கு எத்தனை மி.மீ. முன்னால் ஸ்பார்க் என்ற கணக்கில். உங்கள் மாடலின் மேனுவலில் அந்த அளவு இருக்கும்.

ஆரம்பகால 350ல் மிகுனி 34 மி.மீ. கார்புரேட்டர், பின்னாளில் பவர்ஜெட் (கூடுதல் பெட்ரோல் தரும் தனி ஜெட்) உள்ளவை வந்தன. அல்ட்ராசானிக்கில் கழுவிய பிறகு ஸ்லைடைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தளர்வு அதிகம் என்றால் ஜெட் வைத்துச் சரிசெய்யவே முடியாது. இங்கிலாந்துக் குளிரில் யாரோ எழுதிய ஜெட் எண்ணை சென்னையிலோ கோலாலம்பூரிலோ அப்படியே போட்டால் கலவை கொழுத்துப் போகும் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும்), வெப்பக் காற்றில் அடர்த்தி குறைவு. ஆனாலும் தொடங்கும்போது கொழுத்த பக்கமே தொடங்கி, பிளக்கைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.

ஃப்ரேம், சக்கரம், பிரேக்

ஃப்ரேமின் பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டு ஸ்டீயரிங் தலை, ஸ்விங் ஆர்ம் பிவட், என்ஜின் மவுண்ட் மூன்றையும் டை பெனட்ரண்ட் போட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு மையைத் தெளித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு வரும். கிட் விலை அதிகம் இல்லை.

1970களில் நிறையப் பேர் மாரிஸ், காம்பக்னோலோ மக்னீசியம் சக்கரங்களுக்கு மாறினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஐம்பது வயது மக்னீசியத்தில் ரேஸ் ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன், எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தாலும் சரி. அவை காட்சிக்கு, ஓட்டுவதற்குப் புது ரிம்மும் ஸ்போக்கும் கட்டிய சக்கரம் அல்லது புது வார்ப்பு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், வாரமும் வருடமும். விற்பவர் ‘புது டயர்’ என்று சொன்னாலும் அதைப் படித்துப் பாருங்கள்.

டிரம் பிரேக் என்றால் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டினால் மட்டும் போதாது, டிரம்மின் விட்டத்துக்கு ஏற்ப லேத்தில் வளைவாகக் கடைய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு முனை மட்டும் தொடும். டிஸ்க் என்றால் காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள், ஓஸ் எல்லாமே புதிது.

எக்ஸாஸ்ட் சேம்பர்கள் ஒரிஜினலாக இருந்தால், நசுங்கி இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இரு முனையையும் தகடு வைத்து மூடி, மிகக் குறைந்த காற்றழுத்தம் கொடுத்து, நசுங்கிய இடத்தை மட்டும் டார்ச்சால் சிவக்கச் சூடேற்றினால் தானாக வெளியே வரும். உள்ளே எண்ணெய்க் கசடு துளியும் இருக்கக் கூடாது, அழுத்தத்தைக் கூட்டவும் கூடாது, முகக்கவசம் இல்லாமல் கிட்டே போகவும் கூடாது. பழக்கப்பட்ட வெல்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பழைய ஃபைபர் டேங்க் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோலை அதில் விட்டு வைக்காதீர்கள், ரெசினைக் கரைத்துக் கார்புரேட்டர் வரை பசையாகக் கொண்டுவந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்

கிக்கர் கிடையாது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அல்லது ரோலர். தண்ணீரில் கிளைக்கால் கூலன்ட் கலக்காதீர்கள், தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்று பல ரேஸ் அமைப்புகள் தடை செய்திருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரோடு துருத்தடுப்பு மருந்து போதும். தெர்மோஸ்டாட் இல்லை என்பதால் ரேடியேட்டரில் ஒரு பகுதியை டேப்பால் மூடி 60 டிகிரிக்கு மேல் வரவிட்ட பிறகே சுற்றைக் கூட்டுங்கள். குளிர்ந்த சிலிண்டரில் சூடான பிஸ்டன் ஓடுவதுதான் புதுப் பூச்சைக் கீறும். சூடேற்றி, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி. ஆறிய பிறகு ஹெட் நட்டுகளின் டார்க்கைச் சரிபாருங்கள், தண்ணீர் பம்ப்பின் அடியில் உள்ள கசிவுத் துளையில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

தடத்தில் முதல் சில சுற்று பாதி த்ராட்டிலில். பிறகு நேர்கோட்டில் முழு த்ராட்டில் கொடுத்து, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். போர்சிலின் அடியில் மங்கலான பழுப்பு வளையம் நல்லது. வெளுத்திருந்தாலோ, சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டுப் பெரிய ஜெட்டைப் போடுங்கள், அந்தப் பொட்டுகள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், மெயின் ஜெட், ஊசியின் பள்ளம், பிளக், ஆயில் விகிதம், ஓடிய தூரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், கிராங்க்கின் ஆயுள் கணக்கும் அதிலிருந்துதான். வீட்டுக்கு வந்ததும் டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் காலி செய்து, பிளக் துளை வழியாகச் சாதாரண 2டி ஆயில் கொஞ்சம் விட்டு, என்ஜினைக் கையால் சில சுற்று சுற்றி, பிஸ்டன் போர்ட்டுகளை முடிந்தவரை மூடும் இடத்தில் நிறுத்தி வையுங்கள்.